மரமும் கிணறும் தவிர

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பெயர் இல்லாத கதை ஒன்றைச் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. யாரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தாக வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி நூலகத்தில் இருந்த தன்வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினால் இது விளங்கும். அச்சில் ‘ஒரு மிராசுதார்’ என்று இருக்கும். ஓரத்தில் பென்சிலால் அவர் பெயர், தெரு, சில சமயம் அவருடைய சின்ன வீடு இருக்கும் ஊர் வரைக்கும் எழுதியிருப்பார்கள். நூலகர் அழிப்பார். மறுவாரம் வேறு கையெழுத்தில் வேறு பெயர் இருக்கும்.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நூலகத்தை ஒட்டி ஒரு வாசகர் வட்டம் இருந்தது. மாதம் ஒரு புத்தகம். யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து விமர்சனம் செய்ய வேண்டும். கதைப் புத்தகம் என்றால் வக்கீல் குமாஸ்தாவும் தபால்காரரும் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தீண்டாமை, விதவை மணம், நெசவாளர் பிழைப்பு, யாரோ எழுதிய சொந்த வாழ்க்கை என்று வந்தால் மட்டும், “டீச்சர் பேசட்டும்” என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எனக்கு வாய் நீளம். அழவைக்கிற புத்தகம் என்றாலே சந்தேகப்படுவேன். எழுதியவர் எந்தெந்த இடத்தில் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்கிறார் என்று தேடிப் பிடித்து, அதைச் சபையில் சொல்லுவேன்.

அந்த வருஷம் ஆனியில் சாரல் பிடித்த சமயத்தில் ஒரு புத்தகம் வந்தது. எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா எழுதியது. ஏழைப் பெண்கள் படுகிற பாடு, சின்ன வயதுக் கல்யாணம், சொல்ல முடியாத பிரசவங்கள். யார் பெயரும் கிடையாது. விமர்சனம் என் பங்கு. ஆனால் என் கைக்கு வருமுன்பே நாலைந்து பேர் படித்துவிட்டார்கள், ஓரமெல்லாம் பென்சில்.

அதில் ஒரு அத்தியாயம். தேர்நிலைக்குப் பின்னால், மாதுளை மரமும் படிக்கிணறும் உள்ள ஒரு வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். சாரல் நாளில் மூடு வண்டியில் அவளைக் கொண்டுவருகிறார்கள். வலி வந்தபோது அவள் கத்தவில்லை, பின்னலை வாயில் கவ்விக்கொண்டாள். ஆண் குழந்தை. இதை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று அவள் நர்ஸம்மாவின் காலில் விழுந்து அழுகிறாள். மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளையில்லாத ஒரு குடும்பத்துக்கு நர்ஸம்மா குழந்தையைக் கொடுத்துவிடுகிறார். இரண்டு உயிருக்கும் வாழ்வு கொடுத்தேன் என்று எழுதியிருந்தார்.

பின்னல் என்ற இடத்தைத் தாண்ட என் கண்ணால் முடியவில்லை. தலைவலி வந்தாலும் இடி இடித்தாலும் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டுக் கடிக்கிற ஒருத்தி என் வீட்டில் இருந்தாள். என் அக்கா. கல்யாணமான மறு வருஷமே அத்தான் காய்ச்சலில் போய்விட, அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாரலில் அவள் வீட்டில் இல்லை. மஞ்சள்காமாலைக்குச் செங்கோட்டையில் மருந்து சாப்பிடுகிறாள் என்று அம்மா சொன்னாள். திரும்பி வந்தபோது நிஜமாகவே வெளிறித்தான் இருந்தாள், நானும் நம்பினேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் அவளும்தான். எங்கள் வீட்டில் மாதுளையும் கிடையாது, கிணறும் கிடையாது.

மாதுளையும் கிணறும் இருந்தது எங்கள் பள்ளித் தையல் டீச்சர் வீட்டில். அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் அவர்கள் வீட்டுப் பெயர்தான் எழுதியிருந்தது. ஆளை மறைக்க நர்ஸம்மா இரக்கப்பட்டு நட்ட மரம், போய் இன்னொருவர் வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்டது.

தையல் டீச்சர் மறுநாள் பள்ளியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதாள். “தாலியறுத்த எங்க சித்தியைச் சொல்லுதாவ டீச்சர். அவ செத்து எத்தன வருசமாச்சு, எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறா? ஆய்க்குடிக்காரவ பூ வைக்க வாரோம்னு சொன்னாவ, இப்போ யோசிச்சுச் சொல்லுதோம்னுட்டாவ. எந்தங்கச்சி என்ன பாவம் பண்ணுனா?”

வீட்டுக்கு வந்து புத்தகத்தை மேஜையில் வைத்தேன். நான் கொண்டுவருகிற எதையும் அக்கா படிப்பாள். மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாளைக்கூட விடமாட்டாள். ஒளித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தையல் டீச்சர் சொன்னதையும் அவளிடம் சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் உளுந்து களைந்துகொண்டே அக்கா சொன்னாள்: “ஏட்டி, நாளைக்குப் பேசும்போது அது நம்ம வீடுன்னு சொல்லிரு.”

“படிச்சியாக்கா?”

“படிச்சேன். அந்தப் புள்ளைக்கு வந்த சம்பந்தம் நின்னுரப்படாது. எனக்கு இனிமே கெட என்ன இருக்கு?”

யார் காரணம் என்பதை நான் இன்றுவரை அவளிடம் கேட்டதில்லை.

சாரல் மாதத்துக் கூட்டம் எப்போதும் குற்றாலத்தில், அருவிக்குப் பக்கத்துச் சத்திரத்தில். முதலில் குளியல், பிறகு விமர்சனம், பிறகு இலை. குளித்த பசியில் யாருக்கும் எதுவும் காதில் ஏறாது என்பதால் சுருக்கமாகப் பேசுவது வழக்கம். ஈரத்தலையோடு எழுந்து நின்றேன். நல்ல புத்தகம் என்றேன். எழுதியவர் அடையாளத்தை மறைக்க வீட்டை மாற்றியிருக்கிறார், இல்லாத மரத்துக்கு இருக்கிற வீட்டைப் பிடித்திருக்கிறீர்கள் என்றேன்.

குமாஸ்தா சிரித்தார். “இல்லாத மரம்னு டீச்சருக்கு எப்பிடித் தெரியும்?”

“அது எங்க அக்கா. மரமும் கிணறும் தவிர அதுல இருக்கிறதெல்லாம் உண்மை.”

குமாஸ்தா தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். தபால்காரர், “இலை போட்ருவோமா?” என்று பொதுவாகக் கேட்டார். பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது.

ஆய்க்குடிச் சம்பந்தம் திரும்பி வந்தது. ஆவணியில் கல்யாணம். தையல் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க கட்டாயம் வரணும்” என்றாள். அடுக்களையில் நின்ற அக்கா பக்கம் திரும்பவே இல்லை. என் வாய் நீளம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே, நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் கலைந்தபோது நூலகர் என்னிடம், “அந்தப் பேர நீங்களே அழிச்சிக் குடுத்துருங்க டீச்சர்” என்றிருந்தார். வீட்டு வாசலில் உட்கார்ந்து அழித்தேன். கூட்டத்தில் என்ன சொன்னாய் என்று அக்கா கேட்டாள். மரமும் கிணறும் தவிர எல்லாம் உண்மை என்று சொன்னேன் என்றேன்.

“அப்பிடியா சொன்ன?” என்றாள். பிறகு, “பென்சிலக் குடு” என்றாள்.

நான் அழித்த இடத்திலேயே, மடியில் வைத்து, நிதானமாக எழுதினாள். எழுதி முடித்துப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

‘நான் காலில் விழவில்லை. பிள்ளையைக் கேட்டேன். தரவில்லை.’

அப்படியே கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்தேன்.