சிவந்த கருவாடு

பல்கலைக்கழகத்தில் அது எனக்குக் கடைசி வருடம். கடும் உப்பில் மட்டுமே வாழும் நுண்ணுயிரை வளர்த்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆய்வு. அதற்காகப் புத்தளம் உப்பளத்துக்குப் போவதாக இருந்தோம். மழை விடவில்லை, பயணம் நின்றுபோனது. வெறுங்கையோடு தலவாக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா, தலவாக்கலைக் கடையில் வாங்கியிருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது, ரோஸ் பவுடர் பூசுன மாதிரி செவந்து கெடக்கு!"

குப்பையில் போடப்போன கையைப் பிடித்துக்கொண்டேன். நான் தேடிய உயிர் பூத்தால் வரும் நிறம் அது.

ஆய்வுகூடத்தில், பழக்கதோஷத்தில், அந்தத் துண்டு முழுவதையும் வெறும் தண்ணீரில் கரைத்துவிட்டேன். உப்புக் குறைந்தால் இந்த உயிர்கள் வெடித்துச் சாகும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்; கைக்குத்தான் ஞாபகமில்லை. மூன்று வாரமாகியும் வளர்ப்புத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன்.

"அந்தக் கடையிலயே கேட்டுப் பாரேன். வாயி இருக்குல்ல?" என்றார்.

சனிக்கிழமை போனேன். சிவந்த கருவாடு என்றதுமே கடைக்காரர் பயந்துவிட்டார்.

"சுகாதாரக்காரங்க அனுப்புனாங்களா, தங்கச்சி? அந்த மூட்டைய அப்பவே பொதச்சிட்டேன்."

என் கதை முழுவதையும் சொன்னேன். கடைக்காரர் உள்ளே போய், தாளில் சுற்றிய ஒரு துண்டைக் கொண்டுவந்தார். சரக்கு அனுப்பிய கொழும்பு வியாபாரியிடம் காட்டி நியாயம் கேட்க அவர் வைத்திருந்த ஒரே துண்டு அது.

"அப்ப உங்களுக்கு, அண்ணே?"

"படிக்கிற புள்ள கேக்குறீங்க. நான் போட்டோ எடுத்து அனுப்பிக்கிறேன், கொண்டு போங்க."

இந்த முறை கெட்டியான உப்புநீரில் கரைத்தேன். தட்டுகள் காயாமல் பொலித்தீனால் சுற்றி வைத்தேன். பதினெட்டாம் நாள் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். படத்தைப் பார்த்து அம்மா, "இந்தப் பொட்டுக்கா அப்பிடி அழுத?" என்று சிரித்தார்.

அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் கடைக்காரர் பெயரைப் போட அனுமதி கேட்டேன்.

"ஐயோ, வேணாம்மா! யாவாரம் படுத்துரும்."

அதனால் 'தலவாக்கலையில் ஓர் அண்ணனுக்கு' என்று மட்டும் எழுதினேன். விரிவுரையாளர் அந்த வரியைத் தொட்டு, யார் இவர் என்று கேட்டார். சொல்லவில்லை. இன்றும் அந்தப் பக்கம் போனால் அந்த அண்ணன் கடையில்தான் கருவாடு வாங்குகிறேன்.