மரம் வெட்டுவார்

அம்மா இன்னும் லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். நான் மம்பா நகரில் குடியிருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போயிருந்ததால், மாலை நடக்கவிருந்த இணையக் கருத்தரங்குக்கு அங்கேயே உட்காரவேண்டியதாயிற்று. முன்னறையில் மட்டும்தான் லைன் கிடைக்கும். டிவியை அணைத்துவிட்டு, அம்மாவை உள்ளறைக்கு அனுப்பினேன். நாடகம் போச்சே என்று முனகிக்கொண்டே போனார்.

பிற்கால ரோமப் பேரரசையும் இடைக்காலத்தையும் ஆராய்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் கருத்தரங்கு அது. அதை நடத்தும் ஐரோப்பியப் பேராசிரியைதான் என் ஆய்வுக்கும் வழிகாட்டி. பள்ளி வேலைக்கு நடுவில் எட்டு வருடமாக முனைவர் பட்டத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. கடைசி இயல் இந்தக் கூட்டத்தில் தேறினால் பட்டம், தேறாவிட்டால் அவ்வளவுதான் என்று ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நல்ல மனுஷி. தமிழ்தான் தெரியாது.

எனக்கு முன்னால் பேசியவர், ரோமானியப் பண்ணைகளோடு கட்டிப்போடப்பட்ட குடியானவர்களைப் பற்றிச் சொன்னார். நிலத்தை விட்டு ஓடினால் பிடித்து இழுத்து வருவார்களாம். இதெல்லாம் தோட்டக் கூலிகளாக இருந்த நம் வீட்டுக் கதைதானே என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

என் இயல் முழுவதும், சிதைந்துபோன ஓர் இடைக்காலத் தமிழ்க் கோயில் கல்வெட்டில் வரும் 'மரம் வெட்டுவார்' என்பவர்களைப் பற்றியது. காட்டு மரங்களின் பட்டையைக் கீறிப் பிசின் எடுத்து, வருடந்தோறும் கோயிலுக்குக் கொடுத்த கூட்டம் அவர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் கை உயர்த்தினார். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, எனக்காகத் தமிழிலும் கேட்டார்.

"அம்மா, வெட்டினால் மரம் விழுந்துவிடுமே. அப்புறம் பிசின் எங்கிருந்து வரும்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. மரம் ஏன் விழவேண்டும்? பிறகு பொறி தட்டியது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதற்குப் பெயர் மரம் வெட்டுவது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். உலகத்தில் மற்ற தமிழர்களெல்லாம் மரம் வெட்டினால் மரம் சாயும் என்பது எட்டு வருடத்தில் ஒருநாளாவது என் மண்டையில் ஏறியிருக்க வேண்டாமா?

"கல்லை வெட்டிக் கல்வெட்டு எழுதுறோம், கல் விழுந்துடுதா?" என்று வீம்புக்குக் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. "அடுத்த வரியில் உத்திரம் என்று இருக்கிறதே அம்மா. கூரைக்கு மரம் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். அந்தச் சொல்லை நூறு தடவையாவது படித்திருப்பேன். கண் இருந்தும் பார்க்கவில்லை.

தவறு என்னுடையதுதான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பேச்சையும் விளக்கினேன். ரோமானியக் குடியானவர்களைப் பற்றிப் பேசியவர், இதையே தனியாக எழுதுங்கள் என்று அன்போடு சொன்னார். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இந்த இயலை ஏற்க முடியாது, மன்னித்துக்கொள் என்றார். லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். கோபமெல்லாம் என் மேல்தான்.

சத்தம் கேட்டு அம்மா போர்வையோடு வெளியே வந்தார். "என்னாம்மா, பாஸ் பண்ணலியா?"

"இல்லம்மா. மரம் வெட்டுறதுன்னா மரத்தச் சாய்க்கிறதாம். நான் தப்பா எழுதிட்டேன்."

முப்பது வருடம் பால்காட்டில் ரப்பர் மரம் வெட்டிய அம்மா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் இத்தன வருசமா என்னா வேல செஞ்சேன்?"