அழித்து எழுதிய விடைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுக்கு முதலில் தண்ணீர் வரும், அடுத்து நான் வருவேன். வந்தவர் தன் கார் நம்பரைச் சொல்வார். நான் அதைப் பதினேழால் பெருக்கிச் சொல்வேன். "கம்ப்யூட்டர்லா உங்க மக!" என்பார் அவர். அப்பாவின் முகம் மலரும். அதற்காகவே நான் பெருக்கினேன்.

பள்ளியில் கதை வேறு. ஓய்வு நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் மெல்ல நகர்ந்துகொள்வார்கள். யாரும் திட்டியதில்லை. என்னோடு பேச அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நடுவில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கணிதத் தேர்வில் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டு, பல விடைகளை அழித்து வேறு எண்களைப் போட்டேன். அறுபத்திரண்டு மதிப்பெண் வாங்கியவளுக்குப் பெஞ்சில் உடனே இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்தவள் தன் மீ கோரேங்கில், அந்த வறுத்த நூடுல்ஸில், ஒரு கரண்டிகூடத் தந்தாள்.

தாளைப் பார்த்த அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அம்மா அந்தத் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அழித்த இடங்களில் பென்சிலின் பள்ளம் தெரிந்தது. அம்மாவின் விரல் அந்தச் சரியான எண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனது.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"எல்லாம் சரியாப் போட்டா யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாங்கம்மா."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கார் சாவியை எடுத்தாள்.

கோலா சுங்கை பாரு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. ஈரச் சேற்றில் மேகங்கள் கிடந்தன. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. தூரத்தில் படகுகள் எதிலும் படாமல் மிதப்பதுபோல் நின்றன. வழக்கம்போல் நான் அவற்றை எண்ணத் தொடங்கினேன்.

"எண்ண வேணாம்டா. சும்மா பாரு."

சும்மா பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் காற்றில் கண் சொக்கி, படகுகள் ஐந்தா ஆறா என்பது மறந்துபோனது. அப்போது அம்மா கேட்டாள்: "உனக்கு என்னடா பிடிக்கும்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "அப்பாவுக்குப் பிடிச்சதைச் சொல்லவா, டீச்சருக்குப் பிடிச்சதைச் சொல்லவா?"

அம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கையை நீட்டி என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"தெரியலம்மா," என்றேன்.

"தெரியாட்டி என்ன? மெதுவாச் சொல்லு."

தண்ணீர் திரும்பி வந்து எங்கள் கால்களைத் தொடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா எதிர்பார்த்த சரியான விடை எதுவாக இருக்கும் என்றே தேடிக்கொண்டு வந்தேன். அம்மா கேட்டது தேர்வுக் கேள்வி இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.