நல்ல முட்டையக் கழிச்ச கண்ணு

ரெண்டு அட்ட, அறுவது முட்டைய ஆவாதுன்னு நான் ஒதுக்கி வெச்சேனுங்க. எங்க சூப்பர்வைசர் செல்வராசு அதுல ஒண்ண எடுத்துத் தட்டத்துல ஒடச்சு ஊத்துனாரு. மஞ்சக்கரு குண்டா நிக்குது. ரத்தப்பொட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.

“ஏனுங் ஆயா, கோழி மேல கோவமா? இத எதுக்குக் கழிச்சீங்க?”

இன்னொண்ண ஒடச்சாரு. அதுவும் நல்ல முட்ட. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ நானு. ஆனா புதுச்சத்திரத்துப் பக்கம் எங்க பண்ணையில முட்ட பாக்கறதுல என்னைய மிஞ்ச ஆளில்லீங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், போங்க! இருட்டு ரூம்புல பெட்டிக்குள்ள பல்பு எரியும். பெட்டி ஓட்ட மேல முட்டைய வெச்சா வெரிசல், ரத்தப்பொட்டு எல்லாம் தெரியும். எடது கண்ண மூடிக்கிட்டு வலது கண்ணுல பாக்கறது எம் பழக்கம். அன்னைக்கு எல்லா முட்டையிலயும் நடுவால கறுப்பு.

“கண்ண மாத்தி மாத்தி மூடி என்னையப் பாருங்க”ன்னாரு செல்வராசு.

எடது கண்ண மூடுனேன். அட சாமி, ஆளு மூஞ்சியவே காணோம்! காது ரெண்டும் தெரியுது, கழுத்து தெரியுது, நடுவால ஒரே பொக.

மறுநாளே சேலத்துல கண்ணாஸ்பத்திரி. சொட்டு மருந்து உட்டு, போட்டோ எடுத்து, டாக்டரம்மா கேட்டாங்க.

“சக்கர இருக்குதுங்களாம்மா?”

“அது கெடக்குதுங்க பத்து வருசமா. ஒண்ணும் பண்ணலீங்களேன்னு மாத்திரைய அப்பப்ப உட்டுருவேன்.”

“கண்ணுக்குள்ள பண்ணிருச்சுங்களே! வலது கண்ணுல ரத்தக்குழா கசிஞ்சு, நடுப்பார்வ எடம் வீங்கிக் கெடக்குது. அதுக்கு ஊசி. எடது கண்ணுல நடுவுக்குப் பக்கத்துல இப்பத்தான் கசியுது. அதுக்கு லேசர் வெளிச்சத்துல சூடு வெக்கணும்.”

இருக்கறது ஒரே நல்ல கண்ணு.

“நல்லாத் தெரியற கண்ணுல போயி எதுக்குங்க சூடு வெக்கறீங்க?”

“தெரியறப்பவே வெச்சாத்தான் காப்பாத்தலாம். போன பார்வ முழுசா வரும்னு சொல்ல முடியாதும்மா.”

ஒத்துக்கிட்டேன். கத்தி எங்கேன்னு தேடறேன், கத்தியே இல்லீங்க! தாவாக்கட்டைய ஒரு ஸ்டாண்டுல வெக்கச் சொன்னாங்க. மரத்துப்போற மருந்து உட்டுக் கண்ணு மேல கண்ணாடி ஒண்ண வெச்சாங்க. ஆடாம அசையாம இருன்னாங்க. வாயாடி நானு, எனக்கு அதுதான் பெரும்பாடு. பளிச்சு பளிச்சுன்னு வெளிச்சம். அவ்வளவுதான், எந்திரிக்கச் சொல்லிட்டாங்க.

மூணு மாசங் கழிச்சுப் பாத்தப்ப எடது கண்ணுல கசிவு நின்னிருந்துச்சு. வலதுல ஊசிக்கு அப்புறம் பொக கொஞ்சம் கொறஞ்சுது, முழுசாப் போவல. இப்ப எடது கண்ணுலதான் முட்ட பாக்கறேன். மாத்திரைய உடறதில்ல.

புதுசா வேலைக்கு வார அம்மிணிகளா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. சக்கர இருந்தா, நல்லாத் தெரிஞ்சாலும் வருசா வருசம் போயிக் காட்டுங்க. கண்ணு கெட்டா நோவும், அப்பப் பாத்துக்கலாம்னு நான் இருந்தேன். ஒரு நாக்கூட நோவலீங்களே, சாமி!