இடது கை பாக்கி

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். படியில் தொங்குகிறவனை அதட்டுவது, சில்லறை இல்லை என்பவனிடம் மல்லுக்கு நிற்பது, விசில் கொடுத்தும் வண்டி நிற்காவிட்டால் டிரைவரையும் ஒரு பிடி பிடிப்பது என்று பழகிப்போன வாய். ஓய்வு பெற்றதும் அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போனது. ஆஸ்பத்திரிதான் அதற்கு மறுபடி வேலை கொடுத்தது.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். உத்திரமேரூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டிலேயே ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் அவள் உள்ளே படுத்திருப்பாள், நான் வெளியே. அந்த நாலு மணி நேரத்துக்குள் வாட்ச்மேனோடு ஒரு சண்டை, கேன்டீன்காரரோடு ஒரு சண்டை, வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர்களோடு தனித்தனியாக. பயத்தில்தான் கத்தினேன் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எல்லோரும் தப்பு செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை டீச்சர் என்று கூப்பிடும். கல்யாணமான புதிதில் கேலியாக நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசிவரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

"இன்னாங்க, உங்க சத்தம் உள்ள வரைக்கும் கேக்குது. நர்ஸம்மா என்னைப் பாத்துச் சிரிக்குது. வெக்கமா கீது" என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டோவில் திரும்பி வரும்போது. வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் மடியில் வைத்தாள். இரண்டு நீளமான ஊசிகள், நீல உல்லன் நூல்கண்டுகள், முதுகுப் பக்கம் மட்டும் பின்னி நின்றுபோன ஒரு ஸ்வெட்டர்.

அந்த ஸ்வெட்டரை அவள் தனக்காக ஆரம்பித்திருந்தாள். டயாலிசிஸ் வார்டில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, உடம்பு ரத்தமெல்லாம் வெளியே போய் மெஷினில் சுற்றிவிட்டு வருவதால் உள்ளேயிருந்தே ஒரு குளிர் எடுக்கும் என்பாள். நர்ஸ் இரண்டு கம்பளி போர்த்துவார். ஆனால் இடது கை மட்டும் வெளியே இருக்க வேண்டும். அந்தக் கையில்தான் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். ஊசி குத்தி டியூப் மாட்டுவது அதில்தான், அது எந்நேரமும் நர்ஸின் கண்ணில் பட வேண்டும். நாலு மணி நேரமும் அந்தக் கை விறைத்துப்போய்க் கிடக்கும். அதற்காக அவளே ஒரு யோசனை செய்திருந்தாள். இடது கையை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்து, ஐந்து பட்டன் வைத்துப் பின்னுவது. ஊசி இருக்கிற இடத்தில் ஒரு பட்டனைத் திறந்துவிட்டால் போதும், மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கையால் அவளுக்குப் பின்னல் ஊசியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, அதனால் முதுகோடு நின்றுவிட்டது.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர்?" என்றேன்.

"மனுசங்ககிட்ட சண்டை போடத் தெரியுதே. நூலுகிட்ட போடுங்க."

இரண்டு வாரம் பாடம் நடந்தது. ஊசியை டிக்கெட் பஞ்ச் மாதிரி பிடிக்காதீர்கள் என்பாள். கண்ணி என்கிற நூல் வளையம் ஊசியில் தவறினால் விரலில் ஒரு தட்டு. அறுபது வயதில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டேன். கோணல்மாணலாக முதல் பத்து வரிசை வந்தபோது, அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சாங்கிளாஸ் பசங்க இதைவிட நல்லா பண்ணும்" என்றாள். சந்தோஷமாக இருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புங்கமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு. வெயில் மண்டையைப் பிளக்கும், நான் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பேன். மாகறலில் இருந்து தன் அக்காவை அழைத்துவரும் லாரி டிரைவர் ஒருவர்தான் முதலில் கிண்டல் செய்தார். மலை மாதிரி ஆள். "இன்னா சார், ஊட்டிக்கு டூர் போறீங்களா?" பழைய கண்டக்டர் வாய் திறந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் கோபம் போய்விட்டது.

அடுத்து வந்தவர் ஒரு பட்டு நெசவாளர். அவர் மனைவியும் உள்ளே என் மனைவிக்குப் பக்கத்துப் படுக்கையில்தான். என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தறி இல்ல, பாவு இல்ல, துணி மட்டும் எப்டி வருது?" என்றார். நான் இரண்டு வாரத்தில் கற்றதை அவர் ஒரே மதியத்தில் கற்றார். பெருநகரில் இருந்து தம்பியைக் கூட்டிவரும் விவசாயி ஒருவர் மூன்றாவது. போன் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று கடைசியில் டிரைவரும் ஊசி கேட்டார். காஞ்சிபுரம் கடையிலிருந்து நூல் வாங்கி வர எனக்குத் தெரிந்த பழைய டிரைவர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். ஆளுக்கு ஒரு நிறம். போகிற வருகிற பெண்கள் எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்கும் கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று கூட இருந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச முடியாததை எல்லாம், ஊசியைப் பார்த்துக்கொண்டு பேச முடிந்தது. டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒரு நாள் விவசாயி தலையைத் தூக்காமலே சொன்னார்: "கூடப் பொறந்தவன் தண்ணி கேக்கறான் சார். இல்லன்றேன். வயலுக்கு மோட்டார் போட்டுட்டு நின்னா, அந்தத் தண்ணியப் பாக்கவே புடிக்கல." நாலு பேரும் ஒரு வரிசை பின்னி முடித்தோம்.

பின்னலில் கடைசி வேலை ஒன்று உண்டு. கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி மூடி, ஊசியிலிருந்து கழற்ற வேண்டும். மூடாத வரைக்கும் எதுவும் முடிந்ததில்லை, நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் நூலாகிவிடும். அதை எங்களில் முதலில் செய்தவர் நெசவாளர். ஒரு வெள்ளிக்கிழமை, மெரூன் கலரில் ஒரு ஷால். அவர் மனைவி அதைப் போர்த்திக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினாராம். அடுத்த செவ்வாய் அவர்கள் வரவில்லை. பத்து நாள் கழித்து நெசவாளர் மட்டும் வந்தார், மீதி நூலையும் ஊசியையும் பெஞ்சில் வைத்தார். "ஷால் போத்திக்கினுதான் சார் போனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது விவசாயி. தம்பிக்கு ஒரு குல்லா. புதன்கிழமை வீட்டில் வைத்துக் கண்ணி மூடினார். ஞாயிற்றுக்கிழமை தம்பி போய்விட்டார்.

பெஞ்சில் டிரைவரும் நானும் மிஞ்சினோம். நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேரும் எதையும் முடிக்கவில்லை. டிரைவர் அக்காவுக்குப் போர்வை பின்னிக்கொண்டிருந்தார். அது இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, தரையில் புரள ஆரம்பித்தது. கேட்டால், "அக்கா உசரம் சார், இன்னும் கொஞ்சம் வோணும்" என்பார். அவர் அக்கா என் தோளுக்குக்கூட வர மாட்டார். புதிதாக வந்து உட்கார்ந்த இரண்டு பேருக்கும் நாங்கள் சொல்லாமலே இது தொற்றிக்கொண்டது. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வந்ததும் ஏதோ தப்பு கண்டுபிடித்துப் பிரிப்பார்கள். நான் ஜோசியம் பார்க்கிறவனில்லை, பூனை குறுக்கே போனதற்காகப் பஸ்ஸை நிறுத்திய டிரைவரைத் திட்டியவன். எனக்கே பயம் வந்துவிட்டது.

என்னுடையதில் முதுகு, முன்பக்கம், வலது கை எல்லாம் முடிந்து தைத்தும் ஆயிற்று. இடது கை மட்டும் பாக்கி. முழங்கைவரை பின்னுவேன், பிரிப்பேன். மறுபடி பின்னுவேன்.

"முடிஞ்சுதா?" என்று ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் கேட்பாள். நீலம் பாரித்த அந்தக் கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

"ஒரு கை பாக்கி டீச்சர். அந்தப் பட்டன் வேலைதான் பேஜாரா கீது."

இப்படியே நாலு மாதம். ஒரு சாயங்காலம் நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோது அவள் அந்த இடது கையை எடுத்து வைத்துக்கொண்டு, நூலை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தினியாவது தபா?"

"எது?"

"புது நூலு நேரா இருக்கும். இது சுருண்டு சுருண்டு கீது. பிரிச்சிப் பிரிச்சிப் பின்னா இப்டித்தான் ஆவும். டீச்சர்கிட்ட காதுல பூ சுத்தாதீங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தம்மா ஷால் போத்திக்கினதால போவல" என்றாள். "போறதுக்கு முன்னாடி ஒரு நாளு குளிராம படுத்திருந்தாங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன், பாத்தேன். நீங்களும் அந்த டிரைவரும் வெளிய ஒக்காந்துகினு தப்பா கணக்கு போட்டுகினு கீறீங்க."

முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். சத்தியமாக முடிக்கத்தான் நினைத்தேன். மணிக்கட்டுக்குப் பக்கம்வரைக்கும் வந்துவிட்டேன், நாலு விரல் அகலம்தான் மிச்சம். அங்கே வந்ததும் கை ஓடவில்லை. ஊசியோடு சுருட்டிப் பையில் போட்டுவிட்டேன். அடுத்த செவ்வாய் அவள் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ஒரு நாள் வார்டு கதவருகே மருந்துச் சீட்டோடு நின்றபோது, அவள் நர்ஸிடம் சொல்வது காதில் விழுந்தது: "அவருக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியல. அதான் லேட்டாவுது." என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டும் நான் வீட்டுக்குப் போய் முடிக்கவில்லை. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் ஒரு வியாழக்கிழமை காலை போனாள். இட்லி வைத்த தட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். இடது கை புடவைக்கு வெளியே இருந்தது. நான் அதைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கை எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும் என்பதால் எனக்குக் கொஞ்ச நேரம் வித்தியாசமே தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு பையை எடுத்தேன். நாலு விரல் அகலத்தைப் பின்னி, கண்ணி மூடி, அவள் எடுத்து வைத்திருந்த ஐந்து பட்டனையும் தைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. டிரைவர் பெஞ்சில் இருந்தார், போர்வை அவர் காலடியில் மூட்டையாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் ஸ்வெட்டரை அவர் கையில் வைத்தேன்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"ஆள் போனதுக்கப்புறம் முடிச்சேன். நீ இப்ப முடி."

"வோணாம் சார்." அவர் ஸ்வெட்டரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அம்மா இல்லாத வூட்ல என்னை வளத்தவங்க. எனக்கு வேற யாரும் இல்ல."

"யோவ், உள்ள அவங்களுக்குக் குளிருதுய்யா" என்று கத்தினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த இடத்தில் என் சத்தம் கேட்டிருக்கும். "முடிக்கலன்னா மட்டும் நின்னுச்சா? எங்க டீச்சர் நின்னாளா? நாலு மாசத்துக்கு மேல அவளைக் குளிர்ல போட்டேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஊசியை எடுத்தார். இருநூறு கண்ணிக்கு மேல் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நழுவினதைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். மூடி முடித்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்து, "தூங்கிட்டாங்க சார்" என்றார். டயாலிசிஸ் படுக்கையில் அவர் அக்கா தூங்கியது அதுதான் முதல் தடவையாம்.

அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க வந்தார். தை பிறந்து சில நாள் கழித்து டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளேயும் வரவில்லை. மலை மாதிரி ஆள், குழந்தை மாதிரி அழுதார்.

"அக்கா போயிட்டாங்க சார். ஆனா ஒண்ணு. கடைசி வரைக்கும் குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லல சார்."

ஷால் போத்திக்கினுதான் போனா என்று நெசவாளர் அன்றைக்குப் பெஞ்சருகே நின்று சொன்னதும் இதைத்தான். நாங்கள்தான் பயத்தில் அதை வேறு மாதிரி கேட்டோம். நான் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.