ஞாயிற்றுக்கிழமைக் கணினி அறை

போன வாரம் பதுளையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குத் தொடுதிரைப் பலகை ஒன்று வந்தது. பெட்டியைப் பிரித்தபோது உள்ளே அடைத்திருந்த வெள்ளை ரெஜிபோம் அட்டை கிறீச்சிட்டது. புது பிளாஸ்டிக் வாசம் அறை முழுக்கப் பரவியது. இளம் ஆசிரியர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் மூக்கு வழியாக வேறொரு மலை வந்து நின்றது. அப்புத்தளைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டம். என் முதல் நியமனம் அங்கேதான்.

கணினி ஆசிரியை என்றுதான் என்னை அனுப்பினார்கள். சிரிக்காதீர்கள், நான் படித்த வகுப்பில் ஒரு கணினிக்கு நான்கு பேர். மவுஸைப் பிடிக்க என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

கணினிகள் வந்த அன்று நல்ல மழை. லொறி பாதி ஏற்றத்தில் சறுக்கி நின்றுவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு இறங்கி வந்த பெண்கள் யாரும் கேட்காமலே இடுப்பில் கட்டியிருந்த சாக்குகளை அவிழ்த்துப் பெட்டிகளைப் போர்த்தினார்கள். பிறகு ஆளுக்கொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் போனவர் புஷ்பம் அக்கா.

“டீச்சர், இது கொழுந்து மூட்டையை விட லேசா இருக்கே. இதுக்குள்ளயா அவ்வளவு படிப்பு இருக்கு?”

“அம்மா, பேசாம நடங்க. விழுந்துறப் போறீங்க” என்றாள் பின்னால் வந்த அவர் மகள் சுதா. பத்தாம் வகுப்பு. விசைப்பலகையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாடசாலை அதிபர் கணினி அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “பழுதாப் போனா நான்தானே பதில் சொல்லணும்” என்பார். பாட நேரத்துக்குத் திறக்க வைப்பதற்கே தினமும் அவர் பின்னால் அலைந்தேன். திறந்தால் முதல் ஆளாக சுதா உள்ளே இருப்பாள். எனக்குத் தெரியாததைப் பத்து நிமிடத்தில் தானே நோண்டிக் கண்டுபிடித்துவிடுவாள். நான் ஏற்கெனவே தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

அந்த வருடக் கடைசியில் புஷ்பம் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். தேயிலைத் தொழிற்சாலையில் கை நசுங்கி அவர் புருஷன் வீட்டோடு இருந்தார். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வேறென்ன சொல்ல.

சில மாதம் கழித்து, அக்கா அங்கே ஒரு கேமரா போன் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. என்னிடம் இணையத்துக்கு ஒரு டொங்கிள் இருந்தது. சன்னலோரம் மட்டும்தான் சிக்னல். ‘மேலதிக வகுப்பு’ என்று அதிபரிடம் திறப்பை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சுதாவும் கணினியைச் சன்னலுக்கு இழுத்தோம். குவைத்தில் ஞாயிறு வேலை நாள். வீட்டுக்காரம்மா வெளியே போனபிறகு அக்கா திரையில் வந்தார். தலையைச் சுற்றித் துணி, பின்னால் பளபளவென்று சமையலறை.

“என்னம்மா பேசாம இருக்கீங்க?”

“இரு, உன்னைக் கண்ணால பாத்துக்கிறேன்.”

பிறகு, “மலையைக் காட்டு” என்றார். சுதா கேமராவைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

“பனிமூட்டமா இருக்கும்மா. ஒண்ணுந் தெரியாது.”

“பனி தெரியுதுல்ல? அது போதும்.”

அடுத்த ஞாயிறு லயத்திலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தங்கை டுபாயில், ஒருவருக்கு மகள் சவூதியில். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பார்கள். ஒருத்தி பேசுவதை எல்லோரும் கேட்பார்கள். ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருப்பவளும் அழுவாள். பிறகு யாராவது கேத்தலில் கொண்டுவந்த வெறுந்தேத்தண்ணியை ஊற்றிக் கொடுப்பாள்.

ஒரு நாள் அதிபர் வாசலில் வந்து நின்றார். நான் அவசரமாக எழுந்து நின்றேன். திரையில் புஷ்பம் அக்கா, தன் சின்ன மகன் சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிபர் நின்று கேட்டார். பிறகு திரும்பிப் போனார். மறுநாள், “மேலதிக வகுப்புல பாய் ஏதும் இல்லையா? சீமெந்துத் தரை குளிருமே” என்றார்.

பிறகு புஷ்பம் அக்காவின் அழைப்பு நின்றது. ஒரு ஞாயிறு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியவர்களிடம் கேட்டால், விசாரிக்கிறோம் என்றார்கள். சுதா முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவாள். பெண்கள் தங்கள் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தங்கள் அழைப்பு வந்ததும், “எங்க புஷ்பத்தைக் கண்டியா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். குவைத்தும் டுபாயும் மேல் லயம், கீழ் லயம் மாதிரி என்று அவர்களுக்கு நினைப்பு. நான் திருத்தவில்லை.

அப்படி இருந்தும் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சையில் சுதா கணினிப் பாடத்துக்கு ‘ஏ’ எடுத்தாள். எங்கள் பாடசாலையில் அதுதான் முதல் தடவை. அடுத்த உயர்தர வகுப்புக்குப் பண்டாரவளையில் இடம் பார்த்துவிட்டு லயத்துக்கு ஓடினேன். அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொழும்புக்குப் போறேன் டீச்சர். கார்மென்ட்ல ஆள் எடுக்கிறாங்க.”

“படிப்பை விட்டுட்டா?”

“அம்மா எங்கிருந்தாவது கூப்பிட்டா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் எப்படிக் காத்திருப்பாங்க? சம்பாதிச்சு என் கையில ஒரு போன் இருக்கணும் டீச்சர்.”

பையை மூட அவளுக்கு உதவினேன்.

மறுவருடம் புஷ்பம் அக்கா உயிரோடு வந்து சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர்கள் போனைப் பிடுங்கி உள்ளே பூட்டி வைத்திருந்தார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுதா விழுந்தடித்து வந்து பார்த்துவிட்டு, லீவு முடிந்ததும் போனாள். திரும்பப் படிக்க வரவில்லை. கல்யாணமும் அங்கேயே.

இந்த ஞாயிறு மனசு கேட்காமல் றெயில் ஏறி அப்புத்தளைக்குப் போய், அங்கிருந்து மேலே நடந்தேன். பெருமழைக்குப் பிறகு சரிவில் வெடிப்பு விழுந்ததால் பாடசாலையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் கீழே வேறிடம் போகிறார்கள். கணினி அறையில் கதவே இல்லை.

புஷ்பம் அக்கா லயத்துப் படியில் உட்கார்ந்து போனில் சுதாவோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரையைத் திருப்பினார். சுதா “டீச்சர்!” என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மற்றப் பெண்களைப் பற்றிக் கேட்டேன்.

“இப்ப எல்லார்கிட்டயும் போன் இருக்குங்க டீச்சர். அவங்கவங்க காம்பராவுக்குள்ளயே பேசிக்கிறாங்க.”

கடைசிக் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ அழுதபடி போனில் பேசுவது கேட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போய்த் தட்டலாமா கூடாதா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.