கறி வேகும்போது சாத்தும் ஜன்னல்

அடுப்பில் கறி வதங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் ஜன்னல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் கரண்டியோடு திரும்பினேன்.

சின்ன வயதில் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா. நல்ல மனுஷிதான், எனக்கு ஜுரம் வந்தால் கஞ்சி கொடுத்தனுப்புவார். "கறி ஆக்குங்க பாய், நான் ஒண்ணும் சொல்லல. வாசன மட்டும் மேல வராம பார்த்துக்குங்க" என்று அத்தாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லா ஜன்னலையும் சாத்திய பிறகுதான் அம்மா பூண்டையே உரிப்பார். பௌர்ணமியன்று கறியே கிடையாது. மற்ற நாட்களில் அந்த வாசனை வெளியே போக வழியில்லாமல், கொடியில் கிடக்கும் என் பள்ளிச் சீருடையில் ஏறிக்கொள்ளும். வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். நான் சட்டைமேல் பவுடரைக் கொட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

இப்போது வேங்கிக்காலில் எங்களுக்குச் சொந்த வீடு. மாடியில் யாரும் இல்லை. ஜன்னலைச் சாத்தியது பத்தாவது படிக்கும் என் மகள்.

"ஏன்டி சாத்துற? யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்றதுக்குள்ள சாத்திடலாம்மா."

நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.